கெல்டனில் இல்லாத கெல்டன்கள்

கெல்டன் என்ற குடும்பப் பெயர் உள்ளவர் ஒருவர்கூட இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் கெல்டன் கிராமத்தில் கிடையாது. எனக்கு அறுபத்தாறு வயது. எனக்குத் தெரிந்து இல்லை, என் அப்பாவுக்குத் தெரிந்தும் இல்லை. டக்கெட் இருக்கிறார்கள், ஹெப்டன் இருக்கிறார்கள், ஜெசப் என்று நானும் என் தம்பியும் இருக்கிறோம். ஆனால் டாஸ்மேனியாவில் இருந்தும் கனடாவில் இருந்தும் நியூசிலாந்தில் இருந்தும் வாரத்துக்கு ஒரு கெல்டனாவது, “எங்கள் பூர்வீகம் உங்கள் ஊர்” என்று கடிதம் எழுதுவார். கோடை வந்தால் நேரிலேயே வந்து நிற்பார்கள். ஊர்ப் பெயர்ப் பலகையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு முறை பலகையையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் கவுன்சில் அடியில் கான்கிரீட் கொட்டி இறுக்கியது.

பலகை முடிந்ததும் நேராக சர்ச்சுக்கு வருவார்கள். அது பூட்டியிருக்கும். கதவில் ஒரு அட்டை: “சாவிக்கு எதிர் வீடு. மேவிஸ் டக்கெட்.”

நான் சொல்ல வந்தது அந்த மேவிஸைப் பற்றித்தான்.

மேவிஸ் எங்கள் ஊருக்குக் கல்யாணமாகி வந்தவள். புருஷன் ஸ்டான்லி பன்றிப் பண்ணை வைத்திருந்தான். நல்ல மனுஷன், பேசவே மாட்டான். மேவிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் உருளைக்கிழங்கு மசித்தாள். அவள் சர்ச் வார்டன் ஆன கதை ஊருக்கே தெரியும். வருடா வருடம் ஏப்ரலில் சபைக் கூட்டம் நடக்கும். அதில்தான் வார்டனைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வருடம் மேவிஸ் கூட்டத்துக்கே போகவில்லை. முந்தின வாரம் கொடுத்தனுப்பிய கேக் டப்பாவைத் திரும்ப வாங்கப் போனாள். கதவைத் திறந்தவுடன் பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ “மேவிஸ்!” என்றார்கள். இன்னொருவர் வழிமொழிந்தார். டப்பா கிடைத்ததோ என்னவோ, சாவிக்கொத்து கிடைத்தது. அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. இந்தக் கதை நடக்கும்போது எழுபத்தாறு.

வார்டன் என்றால் பெரிய பதவி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஞாயிறு காலை கதவு திறக்க வேண்டும். சர்ச்சைச் சூடேற்றும் பாயிலரை உதைத்துக் கிளப்ப வேண்டும். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டும். கூரையில் வௌவால்கள் குடியிருக்கின்றன. அவற்றைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம், அவை போட்டுவிட்டுப் போவதைக் கூட்டுவது மேவிஸின் வேலை. பாதிரியார் டங்கனுக்கு ஏழு ஊர். ஒரு ஊரில் ஆசீர்வாதம் சொல்லும்போதே அடுத்த ஊருக்குக் கார் சாவியைத் தேடுகிற மனிதர். விதிப்படி இரண்டு வார்டன்கள் இருக்க வேண்டும். இரண்டாவது நாற்காலி பதினோரு வருடமாகக் காலி.

இதற்கெல்லாம் மேல்தான் இந்தக் கெல்டன்கள். எங்கள் சர்ச்சில் கழிவறை கிடையாது. எண்ணூறு வருடத்துக்கு முன்னால் கட்டியவர்களுக்கு அது தோன்றவில்லை. ஆகவே உலகத்தின் எந்த மூலையில் இருந்து கெல்டன் வந்தாலும் கடைசியில் மேவிஸ் வீட்டுக் கழிவறைக்குத்தான் வந்து சேர்வான். “பூர்வீகம் தேடி வராங்க, என் பாத்ரூமைக் கண்டுபிடிச்சிட்டுப் போறாங்க” என்பாள்.

ஸ்டான்லி போய் ஒன்பது வருடம் ஆகிறது. சர்ச்சின் வடக்குச் சுவர் ஓரம் படுத்திருக்கிறான். இந்தக் கதை நடந்த வருடம் ஜனவரியில், கடலோர ஊரான ஃபைலியில் இருக்கும் அவள் தங்கை ஐவி போன் செய்தாள். வயதானவர்கள் குடியிருப்பில், ஐவிக்குப் பக்கத்து வீடு காலியாகிறதாம். முதல் மாடி, லிஃப்ட் உண்டு, சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடல். ஏப்ரல் முடியும்வரை மேவிஸ் பெயரில் பிடித்து வைப்பார்கள், அதற்குமேல் முடியாது.

மேவிஸ் மறுநாளே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். என் வாசலிலும் வந்து நின்றாள்.

“கிளிஃப், கேட்டுக்கோ. இந்த ஏப்ரலோட சரி. முட்டி போச்சு, கண்ணும் போயிட்டு இருக்கு. கடலைப் பாத்துக்கிட்டு ஐவியோட சண்டை போட்டுக்கிட்டுக் கிடக்கப்போறேன்.”

“போங்க மேவிஸ். யார் வேணாம்னா?” என்றேன்.

“வேணாம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. நான் எடுத்துக்கறேன்னும் சொல்ல மாட்டாங்க. ஆள் இல்லன்னா மேலிடத்துல இருந்து வந்து பூட்டுப் போட்டுட்டுப் போயிடுவானுங்க. பூட்டின சர்ச்சுக்குப் பின்னாடி ஸ்டான்லியை விட்டுட்டு நான் எப்படிப் போறது?”

யாராவது கிடைப்பார்கள் என்று சொன்னேன். சொன்னபோது என்னைத் தவிர மற்ற எல்லாருடைய முகமும் மனதில் வந்து போனது. நான் ஓய்வு பெற்ற லாரி டிரைவர். எனக்கு நேரத்துக்கு என்ன குறைச்சல்? கேட்டால் என் கையெழுத்து சரியில்லை என்று சொல்வதாக இருந்தேன்.

பிப்ரவரியில் அந்த ராஸ் கெல்டன் வந்தான். டாஸ்மேனியாக்காரன், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், என் வயதுதான் இருக்கும். எங்கள் ஊர்க் குளிருக்கு மெல்லிசாக ஒரு சட்டை போட்டுக்கொண்டு, பல் தந்தியடிக்க சர்ச் வாசலில் நின்றான். அன்றைக்கு பாயிலர் தகராறு என்று மேவிஸ் என்னைக் கூப்பிட்டிருந்தாள். அதனால் நடந்ததெல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

அவன் பையில் இருந்து ஒரு கோப்பையை எடுத்துக் காட்டினான். அதில் இரண்டு சிங்கங்கள் ஒரு நீரூற்றைப் பிடித்துக்கொண்டு நின்றன. கெல்டன் வம்சத்தின் சின்னமாம்.

“இந்தச் சிங்கத்தை எங்க வாங்கினே?” என்று மேவிஸ் கேட்டாள்.

“ஷாப்பிங் மால்ல. பேரைச் சொன்னா அச்சடிச்சுத் தருவாங்க.”

“என் பேரைச் சொல்லிருந்தா வாத்து போட்டுத் தந்திருப்பான். உக்காரு கண்ணு. இதை நான் ஆயிரம் தடவை சொல்லியாச்சு. நின்னுக்கிட்டுச் சொன்னா முட்டி தாங்காது.”

அவன் முன்வரிசையில் உட்கார்ந்தான். மேவிஸ் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“கெல்டன்னா ஊத்துப் பக்கத்துப் பண்ணைன்னு அர்த்தம். அந்தக் காலத்துல டென்மார்க்ல இருந்து கப்பல்ல வந்தவங்க விட்டுட்டுப் போன பேச்சு. தண்ணி ஊறுற இடத்துல எல்லாம் எவனாவது ஒருத்தன் குடிசை போட்டு அதே பேரை வெச்சிட்டான். யார்க்‌ஷயர்ல ரெண்டு கெல்டன், லிங்கன்ஷயர்ல ஒண்ணு, மேற்கால மலைப்பக்கம் ஒண்ணு. உங்க டாஸ்மேனியாவுல இருக்கற கெல்டன், உங்காளு எவனோ ஆட்டுப்பட்டி போட்டு வெச்சது. கனடாவுல இருக்கறதும் அதே மாதிரிதான்.”

“அப்ப நாங்க எந்தக் கெல்டன்?”

“அது யாருக்குமே தெரியாது. ஊர்ல இருக்கற வரைக்கும் எவனும் கெல்டன் இல்ல. இங்க நின்னு ‘ஏ கெல்டன்காரா’ன்னு கூப்பிட்டா ஊரே திரும்பிப் பாக்கும். வெளியூர் போய் வேலை கேட்டு நின்னான் பாரு, அவனைத்தான் அங்க இருக்கறவங்க ‘அந்தக் கெல்டன்காரன்’னு சொன்னாங்க. அது அப்படியே ஒட்டிக்கிச்சு. ஊர் பேரு போனவங்களுக்குத்தான். இருந்தவங்களுக்கு வௌவால் சாணிதான்.”

வழக்கமாக இந்த இடத்தில் கெல்டன்களின் முகம் தொங்கிவிடும். பத்தாயிரம் மைல் பறந்து வந்தவனிடம் உன் பாட்டன் இங்கே இருந்தானா தெரியாது, இருந்தாலும் இந்தப் பெயரில் இல்லை என்றால் யாருக்குத்தான் தாங்கும்? ராஸும் கோப்பையைப் பைக்குள் வைத்துவிட்டுத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

“எங்க குடும்பத்துல ஒரு பேரு சொல்லிட்டு வராங்க. லூக். ஹல் துறைமுகத்துல கயிறு முறுக்கினவர். அவர் மகன்தான் கப்பலேறினாராம். அதுக்கு முன்னாடி ஒண்ணும் தெரியாது.”

மேவிஸ் கண்ணைத் திறந்தாள்.

அவளுக்கு லூக்கைத் தெரியும். எங்கள் ஊர் ஞானஸ்நானப் பதிவேட்டில் நானூறு வருடத்துக்கு ஒரே ஒரு கெல்டன்தான் இருக்கிறான். பல வருடங்களுக்கு முன் அவனைப் பற்றி ஒரு கனடாக்காரியிடம் உண்மையைச் சொல்லப்போய், “எங்கள் குலத்தை வார்டன் கேவலப்படுத்திவிட்டாள்” என்று அவள் பிஷப் வரைக்கும் எழுதிவிட்டாள். அங்கிருந்து மேவிஸுக்கு ஒரு கடிதம் வந்தது. அதற்கப்புறம் யார் கேட்டாலும் “பதிவு எதுவும் இல்லை” என்றே பதில் எழுதிவந்தாள். அந்தப் பொய் தன்னை உறுத்துகிறது என்று என்னிடமே நாலைந்து முறை சொல்லியிருக்கிறாள்.

பீரோவைத் திறந்து, ஒரு பிஸ்கட் டின்னில் இருந்து பதிவேட்டின் நகலை எடுத்து வந்தாள். அசல் எல்லாம் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போய் வெகுநாள் ஆகிறது. விரலை வைத்து அவளே வாசித்தாள்.

“ஆயிரத்து எழுநூத்தி நாப்பத்தி ஒண்ணு, அக்டோபர் பதினெட்டு, புனித லூக் நாள். சர்ச் முகப்பில் கண்டெடுக்கப்பட்ட ஆண் குழந்தை. பெற்றோர் அறியப்படவில்லை. லூக் கெல்டன் என்று ஞானஸ்நானம் தரப்பட்டது.” நகலை அவன் மடியில் வைத்தாள். “பேரில்லாத பிள்ளை கிடைச்சா ஊர் பேரை வெச்சிடுவாங்க கண்ணு. அப்ப அதுதான் வழக்கம். கோவப்படறதா இருந்தா பிஷப்புக்கு எழுது. விலாசம் இருக்கு.”

ராஸ் கோபப்படவில்லை. காகிதத்தை வெகுநேரம் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“யாருமில்லாத பிள்ளைக்குத் தங்களோட ஊர் பேரையே குடுத்திருக்காங்களே! ஊரே தத்தெடுத்த மாதிரி இல்ல?”

அப்படியெல்லாம் இல்லை என்று மேவிஸுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யோசிக்காமல் வைத்த பெயர் அது. ஆனால் அன்றைக்கு மேவிஸ் அசந்து போயிருந்தாள். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை மறுத்துப் பேச அவளிடம் தெம்பு இல்லை.

“ஆமா கண்ணு, அப்படித்தான்,” என்றாள். “வா, டீ குடிக்கலாம். பாத்ரூம் மாடியில இருக்கு.”

அந்த ஒரு “ஆமா”தான் வினையாகப் போனது.

ராஸ் ஊருக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. உலகத்தில் எத்தனை கெல்டன் உண்டோ அத்தனை பேருக்கும் எழுதினான். ‘எங்கள் பாட்டனைத் தத்தெடுத்த ஊர்’ என்று தலைப்பு. மார்ச் கடைசியில் பாதிரியார் டங்கனுக்கு மின்னஞ்சல் வந்தது. ஜூன் மூன்றாவது சனிக்கிழமை அறுபத்து இரண்டு கெல்டன்கள் கெல்டனில் கூடப்போகிறார்கள். சர்ச்சில் ஒரு நன்றி ஆராதனை, ஒரு பித்தளைப் பலகை, மேவிஸ் டக்கெட்டின் உரை. ஊருக்குக் குஷி பிறந்துவிட்டது. நாங்கள் இத்தனை நல்லவர்கள் என்று அதுவரை எங்களுக்கே தெரியாது. பப்பில் உட்கார்ந்து அந்தக் குழந்தையை நாங்களே இடுப்பில் தூக்கி வளர்த்த மாதிரி பேச ஆரம்பித்தோம்.

ஏப்ரல் இருபத்து மூன்று, சபைக் கூட்டம். ஒன்பது பேர் வந்திருந்தோம். மேவிஸ் சாவிக்கொத்தை ஒரு கவரில் போட்டு, மேல் ஒட்டுப்போட்டு, மேசை நடுவில் வைத்தாள். பதினோரு சாவிகள், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று ஒவ்வொன்றிலும் துணிப்பட்டை கட்டி எழுதியிருந்தாள். அந்தப் பட்டைகளைக் கட்ட அவளுக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும்.

“வார்டன் பொறுப்புக்கு யாராவது வர்றீங்களா?” என்று பாதிரியார் கேட்டார்.

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் வழக்கம். எல்லாரும் தரையைப் பார்ப்போம். சர்ச் தரையில் என் நாற்காலிக்கு முன்னால் ஒரு கல்லில் பிளவு இருக்கிறது, அதை நான் முப்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். அன்றும் பார்த்தேன். ஹெப்டன் இருமினான்.

“யாராவது?” என்றார் பாதிரியார் மறுபடி.

“எனக்கு ஆடு குட்டி போடற நேரம்,” என்றான் ஹெப்டன்.

“எனக்கு இடுப்பு ஆபரேஷன் வருது,” என்றாள் அவன் அக்கா டாஃப்னி.

“எப்ப?” என்று மேவிஸ் கேட்டாள்.

“தேதி இன்னும் சொல்லல.”

பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு நேரமாகியிருக்க வேண்டும். “நான் ஒண்ணு சொல்றேன். ஜூன்ல அறுபத்தி ரெண்டு பேர் வராங்க. அந்தப் பதிவேடு, அந்தக் கதை எல்லாம் மேவிஸ் ஒருத்தருக்குத்தான் தெரியும். அவங்க இல்லாம இதை யார் நடத்தறது? ஒரே ஒரு வருஷம். அதுக்கப்புறம் கண்டிப்பா ஏற்பாடு பண்ணிடலாம். என்ன சொல்றீங்க?”

நாங்கள் என்ன சொல்வோம்? கை தட்டினோம். டாஃப்னி எழுந்து, மேவிஸ் மாதிரி ஒருத்தி இந்த ஊருக்குக் கிடைத்தது எங்கள் பாக்கியம் என்றாள். ஒருவரைக் கட்டிப்போட வேண்டுமென்றால் கயிறு வேண்டாம், எழுந்து நின்று புகழ்ந்தால் போதும். நானும் தட்டினேன். பலமாகவே தட்டினேன்.

மேவிஸ் கவரைக் கிழித்துச் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வெளியே முகப்பில் நின்று தங்கைக்குப் போன் செய்தாள். நான் கடந்து போகும்போது, “இல்ல ஐவி... இல்லடி... இந்த வருஷம் ஆகாது போலிருக்கு,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நடையை எட்டிப் போட்டேன்.

மே மாதம் அவளை நான்தான் காரில் ஆவணக் காப்பகத்துக்குக் கூட்டிப்போனேன். ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. காரோட்டுவது எனக்குச் சுலபம். லூக் ஹல்லுக்கு எப்படிப் போனான் என்று ராஸ் கேட்டிருந்தான். ஞானஸ்நானப் பதிவேட்டில் அது இராது, பழைய ஊர்க்கூட்டக் குறிப்புகளில் இருக்கலாம் என்று காப்பகத்துப் பெண் சொல்லியிருந்தாள். நான் காரில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். மூன்று மணி நேரம் கழித்து மேவிஸ் ஒரு தாளை நாலாக மடித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“நல்ல சேதியா?”

“வண்டியை எடு கிளிஃப்.”

வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஊர் எல்லை வந்ததும், “ஒருத்தன் சந்தோஷமா நம்பறதைக் கெடுக்கணுமா?” என்று கேட்டாள். எதைப் பற்றிக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. பொதுவாக வேண்டாம் என்றேன். “நீ வேணாம்னுதான் சொல்வே,” என்றாள்.

ஜூன் மூன்றாவது சனிக்கிழமை இரண்டு பேருந்துகளில் கெல்டன்கள் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி பச்சைச் சட்டை, முதுகில் கெல்டன் என்று எழுத்து. தெருவில் கொடித் தோரணம் கட்டியிருந்தோம். டாஃப்னி கேக் சுட்டிருந்தாள். இடுப்பு நன்றாகவே இருந்தது. ஹாம் சாண்ட்விச் மலைபோல அடுக்கியிருந்தது. மேவிஸ் வீட்டு வாசலில் கழிவறைக்கு வரிசை நின்றது. கெல்டன்கள் எங்களைக் கட்டிப்பிடித்தார்கள். கண்ணீர் விட்டார்கள். “உங்க முன்னோர்கள் தெய்வம்,” என்று ஒரு நியூசிலாந்து அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நானும் அதை மறுக்கவில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் முகப்பில் கூடினார்கள், லூக்கைக் கண்டெடுத்த இடம். பித்தளைப் பலகைமேல் ஒரு சின்னத் திரை தொங்கியது. தாளையும் மைக்கையும் மேவிஸ் ஒன்றாகப் பிடிக்க முடியாது என்று என்னைப் பக்கத்தில் நிறுத்தி மைக்கைப் பிடிக்கச் சொன்னார்கள். ஆகவே அவள் மடித்த தாளைப் பிரிப்பதை நான்தான் முதலில் பார்த்தேன்.

“ராஸ்,” என்றாள். அவன் முன்னால் நின்றான். “பிப்ரவரியில நீ ஒண்ணு கேட்டே. நான் ஆமான்னு சொல்லிட்டேன். அன்னிக்குக் களைப்பா இருந்துச்சு. இன்னிக்கும் களைப்பாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு தூரம் வந்தவங்களுக்கு உண்மையைச் சொல்லணும்னு தோணுது.”

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள். அது பழைய நடை, அவள் நிதானமாக வாசித்தாள்.

“இந்தப் பிள்ளையை எடுத்து வளர்க்க இச்சபையில் எந்த வீட்டாராவது உண்டா என்று வார்டன் கேட்டார். பதில் இல்லை. மீண்டும் கேட்டார். சிலர் தங்கள் காரணங்களைச் சொன்னார்கள். எவரும் முன்வரவில்லை. ஆகவே பிள்ளையை ஊர்ப் பொறுப்பில் ஒரு தாதியிடம் விடுவதென்றும், எட்டு வயது நிறைந்ததும் ஊர் எல்லைக்கு வெளியே தொழிலுக்கு அனுப்புவதென்றும், அப்படி அனுப்பினால் பின்னாளில் அவன் பாரம் நம் ஊரைச் சேராதென்றும் தீர்மானிக்கப்பட்டது.”

தாளை மடித்தாள்.

“அதுதான் நடந்துச்சு. தத்தெல்லாம் எடுக்கல. பேரைக் குடுத்தாங்க, அதோட சரி. எட்டு வயசுல ஹல்லுக்கு அனுப்பிட்டாங்க. மன்னிச்சிருங்க.”

பச்சைச் சட்டைகள் அசையாமல் நின்றன. ராஸ் குனிந்துகொண்டான். நான் மைக்கைப் பிடித்தபடி எங்கள் ஊர்க்காரர்களைப் பார்த்தேன். ஹெப்டன், டாஃப்னி, பாதிரியார், எல்லாரும் அதே மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேவிஸ் யாரையும் குத்திக்காட்டவில்லை, எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் சொன்னது அந்தக் குழந்தையைப் பற்றி மட்டும்தான். ஆனால் எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. வெட்கமாக இருந்தது. ஏப்ரலில் அந்தப் பிளந்த கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தானே.

ராஸ் முன்னால் வந்து மேவிஸின் கையைப் பிடித்தான். “பரவால்ல மேவிஸ். நீங்க ஒருத்தராவது சொன்னீங்களே,” என்றான். பிறகு பலகையின் திரையை விலக்காமலே எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அந்தப் பலகை இன்றைக்கும் பீரோவில்தான் இருக்கிறது.

சாயங்காலம் பேருந்துகள் போன பிறகு நானும் மேவிஸும் நாற்காலிகளை அடுக்கினோம். பாதிரியார் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். மற்றவர்கள் கேக் தட்டுகளை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார்கள். மேவிஸ் ஒரு நாற்காலியை மடக்க முடியாமல் அதிலேயே உட்கார்ந்தாள்.

“நான் எடுத்துக்கறேன்,” என்றேன்.

“அந்த நாற்காலியையா?”

“வார்டன் வேலையை. நாளைக்கே பாதிரியார்கிட்ட சொல்லிடறேன். என் கையெழுத்து கொஞ்சம் மோசம். பரவால்ல, டைப் பண்ணிக்கறேன். நீங்க ஃபைலிக்குக் கிளம்புங்க.”

மேவிஸ் என்னைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

“ஏப்ரல்ல சொல்லியிருக்கலாம்ல, கிளிஃப்?”

நான் அடுத்த நாற்காலியை எடுத்து மடக்கினேன்.

“அந்த வீட்டுக்கு ஆள் வந்துட்டாங்க. மே மாசம் ரெண்டாம் தேதியே வந்துட்டாங்க. ஹல்ல இருந்து ஒரு அம்மா.” முட்டியைத் தடவிக்கொண்டாள். “நல்ல அம்மாவாம். தினமும் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் டீ குடிக்கறாங்களாம். ஐவிக்கு அவங்களை ரொம்பப் பிடிச்சிருக்காம்.”